முடிச்சுக்கு இரண்டு பாகம்

மூன்று வருஷம் நான் மெதுவாக ஓடுகிறவள் என்றுதான் பள்ளிக்கூடத்தில் பேச்சு. அப்படிப் பேசியவர்கள் எல்லாரும் இப்போது பேச்சை மாற்றிக்கொண்டுவிட்டார்கள். போன வருஷம் கோட்டுச்சேரியில் எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். அந்தக் கூட்டத்தில் ஒருவர் மைக்கைப் பிடித்து, "கடல் மணலில் ஓடியாடி வளர்ந்த கால்கள் இவை, அதனால்தான் இந்த வேகம்" என்றார். எல்லாரும் கை தட்டினார்கள். எனக்கு உள்ளே எரிந்தது. இதே கால்களைக் காட்டித்தான் இவளுக்கு வேகம் வராது என்று சொன்னார்கள். மேடையில் யாரோடும் சண்டை போடக்கூடாது என்று என் வீட்டுக்காரர் முதல்நாளே என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தார். அதனால் பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தேன். எழுதுவதைப் பற்றி அவர் சத்தியம் எதுவும் வாங்கவில்லை.

மண்டபத்தூர் என் ஊர். அப்பா கடலுக்குப் போகிறவர். அம்மா காரைக்கால் மார்க்கெட்டில் மீன் விற்பவர். இதைச் சொன்னதும் சிலர் முகத்தில் ஒரு பரிதாபம் வரும். அது எனக்கு வேண்டாம். எங்கள் வீட்டில் மூன்று வேளையும் சோறு இருந்தது, குழம்பில் மீன் இருந்தது. நான் இன்று போலீசில் இருக்கிறேன். அந்த வேலை நூறு மீட்டர் ஓட்டத்தால் கிடைத்தது. அந்த நூறு மீட்டரை என் கையிலிருந்து எப்படிப் பிடுங்கப் பார்த்தார்கள், நான் எப்படித் திருப்பிப் பிடுங்கினேன் என்பதைத்தான் சொல்லப்போகிறேன்.

நான் ஒன்பதாவது சேர்ந்தபோது பள்ளிக்கூடத்துக்குப் புதிதாக ஒரு பி.டி. சார் வந்தார். கெட்டவர் இல்லை. விசிலும் தொப்பியுமாக மழை வெயில் பாராமல் நிற்பார். ஆனால் ஒரு விஷயத்தை ஒருமுறை முடிவு செய்துவிட்டால் கடைசிவரை மாற்றமாட்டார். எங்கள் பள்ளி மைதானத்தில் கொஞ்சம் வேகம் எடுத்தால் சைக்கிள் ஸ்டாண்டில் போய் முட்டவேண்டும். அதனால் அவர் எங்களை ஓடவைக்க இடம் தேடிக்கொண்டு எங்கள் ஊருக்கு வந்தார். சுனாமிக்குப் பிறகு கட்டிக்கொடுத்த காலனிக்குப் பின்னால் உவர்த்தரை ஒன்று உண்டு. அதில் புல்கூட முளைக்காது. வெயில் காலத்தில் சிமெண்ட் போட்டதுபோல இறுகிக் கிடக்கும். சாருக்கு அதைப் பார்த்ததும் பிடித்துவிட்டது. அப்பா படகுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வலை சரிபார்த்துக்கொண்டிருந்தார். நான் சாரோடு நின்றேன்.

"அண்ணே, இந்தத் தரையில நேரா நூறு மீட்டர் போட்டுக் குடுங்க. புள்ளைங்க காலையில ஓடட்டும்."

"மீட்டரெல்லாம் எனக்குத் தோதுப்படாது சார். பாகத்துல சொல்லுங்க."

"ஒரு பாகம் எவ்வளவு?"

"ஆறடி."

சார் பையிலிருந்து சாக்பீஸ் எடுத்துப் படகின் பக்கத்திலேயே கணக்குப் போட்டார். "அம்பத்தஞ்சு பாகம் போடுங்க."

"அவ்வளவுதானா? ரெண்டு ஆளு வலைக்கே இதைவிட அதிகம் வேணும்."

பாகம் என்றால் ஒரு ஆள் இரண்டு கையையும் விரித்து நிற்கும்போது இந்த விரல் நுனியிலிருந்து அந்த விரல் நுனிவரை உள்ள நீளம். கடலில் ஆழம் சொல்வதும் பாகத்தில்தான், கயிறு அளப்பதும் பாகத்தில்தான். பள்ளிக்கூடத்தில் டேப் ஒன்று இருந்தது. அது நடுவில் அறுந்து, முடிச்சுப் போட்டு ஒட்டவைத்தது. அதை எடுத்து வருவதற்கு சாருக்கே வெட்கம். அப்பாவின் கை போதும் என்று விட்டுவிட்டார்.

இப்போதே சொல்லிவிடுகிறேன். அப்பா போட்டது நூறு மீட்டர் இல்லை. ஏறக்குறைய ஒன்பது மீட்டர் கூடுதல். இரண்டு காரணம்.

முதல் காரணம் அப்பாவின் கை. எங்கள் கரையிலேயே அவர்தான் உயரம். அவர் கையை விரித்தால் ஆறடிக்கு மேல் நாலு விரல் போகும். காரைக்காலில் கயிறு விற்கும் பாய் ஒருவர் இருக்கிறார். அப்பா கடைக்குள் நுழைந்தாலே எழுந்து நின்றுவிடுவார். "வாங்க மாமா, உக்காருங்க, டீ குடிங்க. கயித்துல மட்டும் கை வைக்காதீங்க. உங்க நெஞ்சுக்கு அளந்து குடுத்தா நான் கடையைப் பூட்டிட்டு துபாய்க்குத்தான் போகணும். மேசையில ஆணி அடிச்சு வச்சிருக்கேன், அதுல அளப்போம்" என்பார். கடையே சிரிக்கும். அப்பாவும் சிரிப்பார். அந்த ஆணியை அவர் தரைக்குக் கொண்டுவரவில்லை.

இரண்டாவது காரணம் பழக்கம். எங்கள் ஆட்கள் யாருக்காவது கயிறு அளந்து கொடுத்தால், கேட்ட அளவோடு இரண்டு பாகம் சேர்த்துத்தான் கொடுப்பார்கள். இந்த முனையில் ஒரு முடிச்சு, அந்த முனையில் ஒரு முடிச்சு. முடிச்சு கயிற்றைத் தின்றுவிடும். கேட்டவனுக்குக் கட்டிய பிறகு அளவு சரியாக நிற்கவேண்டும். குறைத்துக் கொடுத்தவனை நடுக்கடலில் திட்டுவார்கள். அதனால் ஐம்பத்தைந்து என்று காதில் விழுந்தால் அப்பாவின் கை ஐம்பத்தேழில்தான் நிற்கும். யோசித்துச் செய்வதில்லை, அது தானாக நடப்பது. அந்தக் கயிற்றைத் தரையில் நீட்டிப் போட்டு, இரண்டு முனையிலும் சவுக்குக் கம்பு நட்டார். கட்டுவதற்கு அங்கே எதுவுமே இல்லை. இரண்டு பாகமும் ஓட்டத்தில் சேர்ந்துவிட்டது. அந்தக் கணக்கைத்தான் நான் மூன்று வருஷம் காலால் கட்டினேன்.

காலையில் எங்கள் ஊர்ப் பெண்கள் ஐந்து பேர் அங்கே ஓடுவோம். சார் மோட்டார் சைக்கிளில் வந்து, கம்புக்குப் பக்கத்தில் நின்று, ஸ்டாப்வாட்சை அமுக்குவார். ஐந்து பேரில் நான்தான் எப்போதும் முதலில் வருவேன். சார் வாட்சைப் பார்ப்பார், உதட்டைப் பிதுக்குவார்.

"பதினாலு. நேத்தும் பதினாலு."

"நல்லாத்தான் சார் ஓடினேன்."

"நல்லா ஓடுறே. வேகமா ஓடலை."

தலத்தெருவிலிருந்து டவுன் பள்ளிக்குப் போகும் பெண் ஒருத்தி அப்போது பதிமூன்று சொச்சத்தில் ஓடினாள். அவள் பள்ளியில் முறையாக அளந்து போட்ட தரை இருந்தது. சார் அவளுக்கும் பயிற்சி கொடுத்தார். அங்கே ஒரு வாட்ச், இங்கே ஒரு வாட்ச் இல்லை, இரண்டும் ஒரே வாட்ச். எனவே தப்பு எங்கள் காலில்தான் இருக்கவேண்டும் என்று முடிவு செய்தார். அதற்கு ஒரு காரணமும் கண்டுபிடித்தார். மணலில் நடந்து பழகிய கால் தரையில் அழுந்தும், தூக்காது, அதனால் கடற்கரைப் பிள்ளைகளுக்கு நூறு மீட்டர் சரிப்படாது. இதை அவர் எங்களிடம் சொன்னார், தலைமை ஆசிரியரிடம் சொன்னார், டீக்கடையில் சொன்னார். கொஞ்ச நாளில் எல்லாருக்கும் அது தெரிந்த விஷயம் ஆகிவிட்டது. ஐந்து பெண்களும் மெதுவாக ஓடினால் தரையை ஒருமுறை சந்தேகப்படலாம் என்று யாருக்கும் தோன்றவில்லை. மீன்காரப் பிள்ளைகளைச் சந்தேகப்படுவது சுலபம்.

"உனக்குத் தோள்பட்டை நல்லா இருக்கு. குண்டு எறி" என்றார் சார்.

"எனக்கு ஓடணும் சார்."

"ஓடு, யாரு வேணாம்னா? போட்டியில குண்டு எறி."

மாவட்டப் போட்டிகளில் என்னைக் குண்டு எறிதலுக்கும் தொடர் ஓட்டத்துக்கும் மட்டும்தான் போட்டார். குண்டு என் காலுக்குப் பக்கத்திலேயே விழும். தொடர் ஓட்டத்தில் மூன்றாவது ஆளாக ஓடி, முன்னால் போகிறவர்களைத் தாண்டிக் குச்சியைக் கொடுப்பேன். அதில் தனி ஆளுக்கு நேரம் எடுக்கமாட்டார்கள். "அந்தப் புள்ள குச்சி வாங்குறப்ப தடுமாறிடுச்சு, அதான் நீ தாண்டினே" என்று சார் விளக்கம் சொல்வார். நான் தாண்டியவர்கள் எல்லாருமே எப்படித்தான் சொல்லிவைத்ததுபோலத் தடுமாறினார்களோ.

வீட்டில் அழுதால் அம்மா கூடையைத் துடைத்துக்கொண்டே பேசுவார். "எதுக்குடி மூக்கைச் சிந்துறே? இப்ப நீ ஓடுற ஓட்டத்துக்கு ஓடுற பஸ்ஸையே பிடிச்சுடலாம். அதுக்கு மேல வேகம் எதுக்கு, போலீஸா துரத்துது?" நான் கோபத்தில் சாப்பிடாமல் எழுந்துபோவேன். பிறகு பசி தாங்காமல் திரும்பி வந்து சாப்பிடுவேன். விடியும்போது மறுபடியும் ஓடுவேன். பதினாலைக் குறைக்க என்ன செய்யலாம் என்பதைத் தவிர வேறு நினைப்பே இல்லை. கடைசிக் கொஞ்ச தூரத்தில்தான் கால் கனத்துப் போகும். அதனால் மூச்சைச் சேர்த்துவைத்து அந்த இடத்தில் விடப் பழகினேன். மற்றவர்கள் அங்கே நடக்காத குறையாக வருவார்கள். நான் அங்கேதான் பறப்பேன்.

பன்னிரண்டாவது படித்த வருஷம் புதுச்சேரியில் தேர்வுப் போட்டி வந்தது. அதில் முதலில் வருகிறவள் தேசியப் போட்டிக்கு எங்கள் பிரதேசத்தின் பனியனைப் போட்டுக்கொண்டு போவாள். அதோடு பள்ளி முடிந்துவிடும். அடுத்த வருஷம் நான் யார் கணக்கிலும் இருக்கமாட்டேன். ஓடினால் இந்தமுறைதான், இல்லாவிட்டால் எப்போதுமே இல்லை. நூறு மீட்டருக்கு எங்கள் பக்கத்திலிருந்து சார் ஒரே பெயரைத்தான் கொடுத்திருந்தார். அது தலத்தெருப் பெண். நான் தொடர் ஓட்டத்தில் உபரி ஆள். யாருக்காவது வயிற்று வலி வந்தால் ஓடலாம்.

எங்கள் ஊரிலிருந்து எங்கள் தலைநகருக்குப் போக நாங்கள் வேறொரு மாநிலத்தைத் தாண்டவேண்டும். சீர்காழி, சிதம்பரம், கடலூர் எல்லாம் கடந்து இறங்கினால், "காரைக்காலா? வாங்க வாங்க, டிபன் ஆச்சா?" என்று கேட்பார்கள். விருந்தாளியை விசாரிப்பதுபோல இருக்கும், போட்டிக்கு வந்தவர்களை விசாரிப்பதுபோல இருக்காது. அங்கே ஓடுதளம் சிவப்பு ரப்பர். நான் அதுவரை ரப்பர் தரையை மிதித்ததில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு மிதித்துப் பார்த்தேன். கால் அழுந்தவில்லை, மேலே தள்ளியது.

நூறு மீட்டர் முதல் சுற்றுக்குப் பெயர் கூப்பிட்டபோது ஒரு பாதை காலியாக இருந்தது. போட்டி நடத்திய அம்மா நரைத்த முடியைக் குட்டையாக வெட்டியிருந்தார், கழுத்தில் விசில். நேரே அவரிடம் போனேன்.

"மேடம், அந்தப் பாதை காலியா இருக்கு. நான் ஓடுறேன்."

"பேரு குடுத்திருக்கா?"

"இல்லைங்க."

"அப்பப் போய் உக்காரு."

"காரைக்காலுக்கு மூணு பேரு வரைக்கும் ஓடலாம்னு சொன்னாங்க. நாங்க ஒருத்திதான் குடுத்திருக்கோம்."

அவர் என்னைப் பார்த்தார். "உங்க சார் கையெழுத்துப் போட்டா ஓடு. அஞ்சு நிமிஷம்."

சார் நிழலில் தர்பூசணி தின்றுகொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னதும் அவர் முகம் மாறிவிட்டது.

"எல்லார் முன்னாடியும் கடைசியா வந்து என் மானத்தை வாங்கணுமா உனக்கு?"

"கையெழுத்துப் போடுங்க சார்."

"உன் நேரம் பதினாலு. இங்க வர்றவங்க யாரும் பதிமூணரைக்கு மேல இல்லை."

"கடைசியா வந்தா நான் இனிமே ஓடமாட்டேன். நீங்க சொன்னபடி குண்டு எறியறேன், இல்லைன்னா எங்கம்மாகூட மீன் விக்கிறேன். கையெழுத்துப் போடுங்க."

பக்கத்தில் நின்ற தலத்தெருப் பெண் தண்ணீர் பாட்டிலை மூடிக்கொண்டே, "போடுங்க சார், பாவம்" என்றாள். நல்ல எண்ணத்தில்தான் சொன்னாள். அந்தப் 'பாவம்' எனக்கு முள்ளாகக் குத்தியது. சார் தர்பூசணிக் கையோடு கையெழுத்துப் போட்டார்.

கிளம்பும்போது காலை முட்டுக்கொடுத்துத் தள்ள ஒரு கட்டை வைத்திருந்தார்கள். மற்றவர்கள் அதைத் தங்கள் உயரத்துக்குத் திருப்பி வைத்துக்கொண்டார்கள். எனக்கு அது பழக்கமில்லை, ஓரமாகத் தள்ளிவைத்துவிட்டு வெறும் தரையில் குனிந்தேன். யாரோ சிரித்தார்கள். துப்பாக்கி வெடித்தது. நான் எல்லாருக்கும் பிறகுதான் எழுந்தேன். பாதி தூரம்வரை எனக்கு முன்னால் முதுகுகள்தான் தெரிந்தன. பிறகு ஒவ்வொரு முதுகாகப் பக்கத்தில் வந்தது, பின்னால் போனது. முன்னால் யாருமே இல்லாமல் ஆனதும் நான் வழக்கம்போல மூச்சைச் சேர்த்து, கடைசி வேகத்தை எடுத்தேன். எடுத்து, தலையைத் தாழ்த்திக்கொண்டு பறந்தேன்.

பின்னாலிருந்து விசில். "ஏய், நில்லும்மா, முடிஞ்சுபோச்சு" என்று சத்தம். நான் நிற்கவில்லை. என் கணக்கில் இன்னும் தூரம் பாக்கி இருந்தது. வளைவுக்குப் பக்கத்தில் தண்ணீர் ட்ரம் வைத்திருந்தார்கள். அதில் மோதப்போய்த்தான் நின்றேன். திரும்பிப் பார்த்தால் மற்றவர்கள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு கோட்டுக்கு அருகே நடந்துகொண்டிருக்கிறார்கள்.

கூட்டம் சிரித்தது. நரைத்த முடி அம்மா, "என்னம்மா, ஓட்டம் பத்தலையா? காரைக்கால் வரைக்கும் ஓடியே போயிடுவே போலிருக்கே" என்றார்.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. "கோட்டை முன்னாடியே போட்டிருக்கீங்க. இது நூறு மீட்டர் இல்லை" என்றேன்.

"என்னது?"

"குறையுது. அளந்து காட்டுங்க."

அந்த அம்மா சிரிக்கவில்லை. "இது அளந்து சான்றிதழ் வாங்கின தரை. ஒரு விரற்கடைகூட மாறாது. நீ எந்தத் தரையில ஓடிட்டு வந்தே?" என்றார். அப்போது நேரத்தை அறிவித்தார்கள். பதிமூன்றுக்குக் கீழே. அந்தச் சுற்றில் வேறு யாரும் பதிமூன்றுக்குக் கீழே வரவில்லை. சார் தன் வாட்சைக் காதில் வைத்துப் பார்த்தார், அது டிக் டிக் என்று ஓடுகிற வாட்சும் இல்லை. பிறகு என்னைப் பார்த்தார். அவர் நெற்றியில் வேர்வை பூத்தது.

"உங்கப்பாவுக்குப் போன் போடு" என்றார்.

அப்பா கரையில் இருந்தார். காற்றுச் சத்தத்துக்கு நடுவில் அவர் குரல் போன் ஸ்பீக்கரில் கேட்டது. சார் போனை என் கையிலிருந்து வாங்கினார்.

"அண்ணே, அந்த ஓட்டத் தரை இருக்கே, அதுக்கு எத்தனை பாகம் போட்டீங்க?"

"நீங்க சொன்னதுதான் சார். அம்பத்தஞ்சு. முடிச்சுக்கு ரெண்டு சேர்த்தேன்."

"எந்த முடிச்சுக்கு?"

அப்பா யாரையோ மோட்டாரை அணைக்கச் சொன்னார்.

"அண்ணே, தரையில எதைக் கட்டுறதுக்கு ரெண்டு சேர்த்தீங்க?"

"வழக்கமா சேர்க்கிறதுதானே சார்" என்றார் அப்பா. பிறகு, "பாகம்கூட என் கைக்கு அளந்ததுதான்" என்றார்.

நான் போனைப் பிடுங்கினேன். "மூணு வருஷம்ப்பா. மூணு வருஷம் என்னை எல்லாரும் ஆமைன்னு சொன்னாங்க, நானும் நம்பினேன்."

"கூடத்தானே தாயி போட்டேன்? குறைச்சா போட்டேன்?" என்றார் அப்பா.

போனை அணைத்தேன். நரைத்த முடி அம்மா பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். "ரெண்டு பேரும் சேர்ந்து இந்தப் பொண்ணுக்குத் தெரியாமலே நல்லா பயிற்சி குடுத்திருக்கீங்க" என்று சாரிடம் சொல்லிவிட்டு விசிலை ஊதிக்கொண்டு போனார். சார் மன்னிப்புக் கேட்கவில்லை. அந்த மணல் கால் கணக்கை மட்டும் அதற்குப் பிறகு அவர் வாயிலிருந்து நான் கேட்கவில்லை.

இறுதிச் சுற்றுக்கு முன்னால் ஒரு மணி நேரம் இருந்தது. சிலர் நினைப்பார்கள், தூரம் குறைந்துவிட்டது என்று தெரிந்தால் சந்தோஷமாக இருக்கும் என்று. எனக்குப் பயம்தான் வந்தது. கடைசியில் விடுவதற்காக நான் சேர்த்துவைத்துப் பழகிய மூச்சுக்கு இங்கே இடமே இல்லை. அது வருவதற்குள் கோடு வந்துவிடும். எல்லாவற்றையும் முன்னாலேயே கொட்டவேண்டும். மூன்று வருஷப் பழக்கத்தை ஒரு மணி நேரத்தில் மாற்றவேண்டும். சார் பக்கத்தில் வந்து, "ஸ்டார்ட்டிங்ல..." என்று ஆரம்பித்தார்.

"சார், தயவுசெஞ்சு சும்மா இருங்க."

சும்மா இருந்தார். அது ஒரு பெரிய உதவி.

ஓடுதளத்தின் ஓரமாக நடந்துபோனேன். கோட்டிலிருந்து பின்னோக்கி வந்து, என் வழக்கமான கடைசி வேகம் எங்கே ஆரம்பிக்கவேண்டும் என்று ஒரு இடத்தைப் பார்த்துவைத்துக்கொண்டேன். வெளிவேலியில் ஒரு பழைய சோடா விளம்பரத் தட்டி தொங்கியது. அதற்கு நேராக வரும்போது விட்டுவிடவேண்டும். தலத்தெருப் பெண் வந்து அவள் கட்டையை எனக்கு வைத்துக் காட்டினாள். "இப்படிக் காலை வச்சுத் தள்ளு, எழுந்திருக்கிறப்ப ஈஸியா இருக்கும்" என்றாள். அவளுக்கும் அந்த ஓட்டத்தில் ஜெயிக்கவேண்டும். ஆனாலும் சொல்லிக்கொடுத்தாள். பாவம் என்றதற்கு அவள்மேல் வைத்திருந்த கோபத்தை அங்கேயே விட்டேன்.

இரண்டாவது தடவை துப்பாக்கி வெடித்தபோது கட்டையை உதைத்து எழுந்தேன். இந்தமுறை முன்னால் இரண்டு முதுகுதான், ஒன்று அவளுடையது. ரப்பர் தரை காலைத் தூக்கித் தூக்கி எறிந்தது. சோடா தட்டி தெரிந்தது. விட்டேன். சேர்த்துவைக்கவில்லை, கணக்குப் பார்க்கவில்லை, இருந்ததையெல்லாம் விட்டேன். இன்னொரு முதுகு பின்னால் போனது, அவள் தோள் என் தோளுக்கு நேராக வந்தது. அவள் மூச்சுக் கேட்டது. பிறகு கேட்கவில்லை. கோடு என் காலுக்குக் கீழே போனதை இந்தமுறை பார்த்தேன். பார்த்த பிறகுதான் நின்றேன்.

எனக்குப் பின்னால் அவள், அவளுக்குப் பின்னால் புதுச்சேரிப் பெண்கள். காரைக்காலுக்கு முதலிடமும் இரண்டாமிடமும். காலையில் டிபன் ஆச்சா என்று கேட்டவர்கள் இப்போது, "எந்த ஊரு, எந்தப் பள்ளிக்கூடம்" என்று கேட்டார்கள். நான் மண்டபத்தூர் என்று சத்தமாகச் சொன்னேன். இரண்டாவது தடவையும் சொன்னேன், யாரும் கேட்காவிட்டாலும்.

ஊருக்குத் திரும்பிய வாரம் அப்பா கடையிலிருந்து புது இரும்பு டேப் வாங்கிவந்தார். யாரையும் கூப்பிடவில்லை, தானே அளந்தார், தானே ஒரு கம்பைப் பிடுங்கி உள்ளே தள்ளி நட்டார். வேர்த்துப் போயிருந்தது. எங்கள் ஊர்ப் பெண்கள் மற்ற நாலு பேரும் அன்று ஓடினார்கள். எல்லாருடைய நேரமும் ஒரே நாளில் குறைந்தது. மெதுவான பெண்கள் என்று சொல்லப்பட்டவர்களில் இரண்டு பேர் அடுத்த வருஷம் மாவட்டத்தில் பரிசு வாங்கினார்கள். அம்மா வந்து பார்த்துவிட்டு, "கம்பைத் தள்ளி நட்டா வேகம் வந்துடுமா? இதை முன்னாடியே செஞ்சிருந்தா இவ இத்தனை தட்டு சோத்தைத் தள்ளிவிட்டிருக்கமாட்டா" என்றார். அப்பா டேப்பைச் சுருட்டினார்.

தேசியப் போட்டி என்றால் எல்லாம் உடனே நடந்துவிடவில்லை. முதல் வருஷம் வடக்கே போனேன். ரயிலில் இரண்டு நாள். சப்பாத்தியும் தயிரும் தின்று வயிறு கெட்டது. அரையிறுதியோடு வெளியே வந்துவிட்டேன். அங்கே ஓடிய பெண்களின் தொடையைப் பார்த்து நான் இன்னும் எவ்வளவு தூரம் போகவேண்டும் என்று தெரிந்துகொண்டேன். காலேஜில் சேர்ந்து ஓடினேன். அடுத்த வருஷம் இறுதிவரை போய் நாலாவது வந்தேன். நாலாவது வந்தவளுக்கு எதுவும் கிடையாது, கைகுலுக்கல்கூடக் கிடையாது. மேடைக்குப் பக்கத்தில் நின்று மற்றவர்கள் கழுத்தில் பதக்கம் விழுவதைப் பார்த்தேன். மூன்று படி உள்ள மேடை. அதில் எனக்குப் படி இல்லை.

அதற்கடுத்த வருஷமும் போனேன். இறுதிச் சுற்று மாலை வெயிலில் நடந்தது. எட்டுப் பேர். அறிவிப்புச் செய்தவர் பெயரை வாசித்து, "புதுச்சேரி" என்று சொல்லிவிட்டு அடுத்த பாதைக்குப் போனார். பஞ்சாபிலிருந்து வந்த பெண்தான் ஜெயிப்பாள் என்று எல்லாரும் பேசிக்கொண்டார்கள். நல்ல உயரம், நல்ல ஓட்டம். அவள் என் வலது பக்கப் பாதையில் நின்று கண்ணை மூடிக் கும்பிட்டாள். நான் ஒன்றும் செய்யவில்லை. தரையைப் பார்த்தேன். வெள்ளைக் கோடு நேராக இருந்தது.

நல்ல கிளம்பல். பாதி தூரத்தில் நானும் அவளும் ஒரே வரிசை. அவள் தாண்டினாள். ஒரு கை நீளம் முன்னால் போனாள். எனக்கு அப்போது பயம் வரவில்லை, கோபம்தான் வந்தது. ஒருவர் மேல் என்று இல்லை. பதினாலு பதினாலு என்று சொன்ன அத்தனை காலைப்பொழுதும் சேர்ந்து வந்தது. அந்தக் கோபத்தைக் காலுக்கு அனுப்பினேன். கோட்டுக்கு முன்னால் அவள் தலை பின்னால் சாய்ந்தது. அது ஓய்ந்துபோகிறவர்களின் அடையாளம், எனக்குத் தெரியும். நான் மார்பை நீட்டினேன்.

யார் முதலில் என்று அவர்களுக்குச் சொல்லத் தெரியவில்லை. படம் பார்த்துச் சொல்லக் கொஞ்ச நேரம் எடுத்துக்கொண்டார்கள். நானும் அந்தப் பஞ்சாப் பெண்ணும் தரையில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். அவள் பாஷை எனக்குத் தெரியாது, என் பாஷை அவளுக்குத் தெரியாது. அவள் என் முட்டியைத் தட்டி விரலை உயர்த்திக் காட்டினாள். நீ, என்று. அவளுக்கு முன்னாலேயே தெரிந்துவிட்டது. பிறகு பலகையில் என் பெயர் முதலில் வந்தது.

அம்மாவுக்குப் போன் போட்டேன். மார்க்கெட் சத்தத்துக்கு நடுவில், "என்னடி, நல்ல நேரத்துல போன் பண்றே, எதுத்தாப்ல ஆளு வஞ்சிரத்துக்கு விலை பேசிட்டு இருக்கு" என்றார். ஜெயித்துவிட்டேன் என்றேன். அவர் வாடிக்கையாளரைப் பார்த்து, "எம் பொண்ணு இந்தியாவுலயே வேகமா ஓடிட்டாளாம், நீங்க என்ன பத்து ரூபாய்க்குப் பேரம் பேசுறீங்க" என்று சொன்னது கேட்டது. அப்புறம் அழுதார். அம்மா அழுது நான் கேட்டது அன்றுதான்.

மேடையில் ஏறினேன். நடுப்படி. பதக்கம் கனமாக இருந்தது. தேசிய கீதம் முடிந்தது, படம் எடுத்தார்கள், அடுத்த போட்டிக்கு ஆட்கள் வரிசையில் நின்றார்கள். ஒருவர் வந்து இறங்கும்படி கையைக் காட்டினார்.

"பொறுங்க" என்றேன். போன தடவை கீழே நின்று பார்த்த படி அது, இன்னும் கொஞ்சம் நின்றுகொண்டேன்.